காற்றுக்கு ஏற்ற மணி

விண்ட் சைம் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் குழாய்களைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை குழாய், என்ன நீளம், எந்த உலோகம், எவ்வளவு பளபளப்பு என்பதை வைத்தே விலையும் சொல்லப்படுகிறது. ஆனால் வாங்கி வந்து மாட்டிய பிறகு அது காதுக்கு இதமாக இருக்குமா, இரண்டு வாரத்தில் கழற்றிப் பரணில் போடும்படி ஆகுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. குழாயில் துளை எங்கே போடப்பட்டிருக்கிறது, நடுவில் ஆடும் கட்டை எதனால் ஆனது, அடியில் தொங்கும் தகடு எவ்வளவு பெரியது, மாட்டப்போகும் இடத்துக்கு எப்படிப்பட்ட காற்று வருகிறது ஆகிய நான்கையும் கேட்காமல் வாங்கப்படும் காற்றுமணி பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. குறை பொருளிலும் இல்லை, காற்றிலும் இல்லை. இரண்டையும் பொருத்திப் பார்க்காததுதான் குறை.

முதலில் துளை. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. அரை மீட்டர் நீளமுள்ள அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒரு நுனியில் மரக்கரண்டியால் தட்டினால் மெலிந்த, உயர்ந்த ஓசை ஒன்று வந்து மறையும். குழாயின் உண்மையான குரல் அதில் இருக்காது. இப்போது நுனியிலிருந்து சரியாக 11.2 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நடுவில் தட்டிப் பாருங்கள். விரல் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் நாதம் அடங்காமல் நெடுநேரம் நிற்கும். பிடியை ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் அது சட்டென்று குறைந்துவிடும்.

தட்டப்பட்ட குழாய் வளைந்து வளைந்து நிமிர்கிறது. நடுப்பகுதி ஒரு பக்கம் போகும்போது இரு நுனிகளும் எதிர்ப்பக்கம் போகின்றன. இடையில் இரண்டு இடங்கள் மட்டும் அசைவதில்லை. அவை ஒவ்வொரு நுனியிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 விழுக்காடு தூரத்தில் இருக்கின்றன. எந்த உலோகமானாலும், எந்தப் பருமனானாலும், குழாய் சீராக இருந்தால் இந்தக் கணக்கு மாறாது. அசையாத இடத்தில் நூல் கோத்தால் நூல் நாதத்தைத் தின்னாது. நுனியில் கோத்தால் அது அதிகம் அசையும் இடம் என்பதால் ஒவ்வோர் அசைவையும் நூல் உறிஞ்சிக்கொள்ளும். மலிவான மணிகள் பலவற்றில் நுனிக்கு அரை அங்குலம் கீழே துளையிட்டிருப்பார்கள். அல்லது பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அதிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள். துளையிடுபவருக்கு அது எளிது, பார்வைக்கும் அழகு. ஒலிதான் பாழ். கடையில் குழாயைக் கையில் எடுத்தவுடன் துளை மேல்நுனியிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தவர் விஷயம் தெரிந்தவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சுரம். தம்புராத் தந்தியைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். குழாயில் அப்படி இல்லை. குழாயைப் பாதியாக நறுக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகி இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், சுவர்ப்பருமன் 2 மில்லிமீட்டர் உள்ள அலுமினியக் குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் நொடிக்கு ஏறக்குறைய 147 முறை அதிரும். அரை மீட்டரில் அது 587. ஆர்மோனியத்தில் இரண்டாம் வெள்ளைக் கட்டை தரும் சுரம், உயர்ந்த ஸ்தாயியில். அரைச் சுரம் மாற 3 விழுக்காடு நீளம் போதும். அரை மீட்டர் குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ரம்பம் கொஞ்சம் தடுமாறினாலும் சுருதி கலைந்துவிடும். அறுத்த பிறகு அரம் போட்டுச் சரிசெய்பவர்களும் உண்டு, அறுத்ததை அப்படியே கோப்பவர்களும் உண்டு. விலை வித்தியாசத்தில் நியாயமான பங்கு இந்த உழைப்புக்குத்தான் போகிறது.

உலோகத்தைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். எஃகு அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். ஆனால் ஒரே அளவுள்ள எஃகுக் குழாயும் அலுமினியக் குழாயும் கிட்டத்தட்ட ஒரே சுரத்தைத் தரும். இரண்டிலும் ஒலி ஓடும் வேகம் நொடிக்கு 5,000 மீட்டரையொட்டி இருப்பதே காரணம். பித்தளையில் அந்த வேகம் 3,500 அளவில்தான். அதனால் அதே அளவுப் பித்தளைக் குழாய் ஏறக்குறைய அரை ஸ்தாயி இறங்கி ஒலிக்கும். செம்பும் அதற்குப் பக்கத்தில்தான். மற்றபடி ‘செம்பின் வெதுவெதுப்பு’, ‘எஃகின் கூர்மை’ என்பதெல்லாம் பெரும்பாலும் நீளம், சுவர்ப்பருமன், அடிக்கும் கட்டை இவற்றின் வேலை. அலுமினியம் இலேசாக இருப்பதால் சின்னத் தட்டலுக்கும் வாய் திறக்கும், எளிதில் அடங்காது, துருப்பிடிக்காது. மெல்லிய காற்றுள்ள இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆழமான குரல் வேண்டும் என்று நீளக் குழாய் கேட்பவர்கள் அதன் பருமனையும் கேட்க வேண்டும். குழாயின் மேல்சுரங்கள் தந்தியைப் போல 2, 3, 4 என்று முழு மடங்குகளில் வருவதில்லை. 2.76, 5.40, 8.93 என்று ஏறுக்குமாறாக வருகின்றன. வீணையின் ஒலியிலிருந்து மணியின் ஒலி வேறுபடுவதே இதனால்தான். மேலே சொன்ன ஒரு மீட்டர் குழாயில் அடிச்சுரம் 147 என்றால், அடுத்தவை 405, 794, 1,313 என்று போகும். விரல் பருமனுள்ள குழாயால் 147 முறை அதிரும் ஒலிக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள முடியாது. காதை அருகே கொண்டுபோனால் அடிச்சுரம் கேட்கும். பத்தடி தள்ளி நின்றால் மேல்சுரங்கள் மட்டுமே வந்து சேரும். நீளமான, ஒல்லியான, மலிவான குழாய்கள் தகரச் சத்தம் போடுவது ஏன் என்று இப்போது புரியும். ஆழம் வேண்டுமானால் நீளத்தோடு விட்டமும் வளர வேண்டும். கனமும் விலையும் அதோடு ஏறும்.

நடுவில் ஆடும் கட்டையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரே குழாயை இரும்பு ஆணியால் தட்டுங்கள், பிறகு தேக்குத் துண்டால், பிறகு துணி சுற்றிய கட்டையால். மூன்று வேறு கருவிகள் பேசுவது போலிருக்கும். கடினமான பொருள் குழாயைத் தொட்டு உடனே விலகுவதால் உச்சச் சுரங்கள் பொங்கி எழுகின்றன. மிருதுவான பொருள் இன்னும் ஒரு கணம் ஒட்டியிருந்து அவற்றை அமுக்கிவிட்டு அடிச்சுரத்தை மட்டும் விடுகிறது. காதைக் குத்தும் மணி வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கட்டையின் விளிம்பில் மெல்லிய தோலோ சைக்கிள் டியூப் துண்டோ ஒட்டிப் பாருங்கள். கட்டை குழாயின் நடுவில் படுகிறதா என்பதும் முக்கியம். எல்லாக் குழாய்களின் தலையையும் ஒரே மட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் நீளக் குழாய்க்கு நடுவில் அடி விழும், குட்டைக் குழாய்க்கு வாலில் விழும். நல்ல வேலைக்காரர்கள் ஒவ்வொரு குழாயின் நடுப்பகுதியும் ஒரே மட்டத்தில் வரும்படி நூலின் நீளத்தை மாற்றிக் கட்டுவார்கள். கீழ்நுனிகள் ஒழுங்கில்லாமல் தெரியும்; ஒலி ஒழுங்காக இருக்கும்.

எந்தச் சுரங்கள் என்ற கேள்விதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. காற்றுக்கு ராகம் தெரியாது. எந்தக் குழாய்க்குப் பிறகு எந்தக் குழாய் ஒலிக்கும், எவையெல்லாம் சேர்ந்து ஒலிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே எந்த இரண்டு சுரங்கள் மோதினாலும் உரசாத வரிசை தேவைப்படுகிறது. அரைச் சுர இடைவெளியே இல்லாத ஐந்து சுர வரிசை அந்த வேலையைச் செய்கிறது. நமக்கு அது மோகனம். பழைய முல்லைப்பண்ணை இன்றைய மோகனத்தோடு சேர்த்துப் பார்ப்பது தமிழிசை ஆய்வாளர்கள் பலரின் வழக்கம். சட்ஜமத்துக்கு 50 சென்டிமீட்டர் குழாய் எடுத்தால் ரிஷபத்துக்கு 47.1, காந்தாரத்துக்கு 44.7, பஞ்சமத்துக்கு 40.8, தைவதத்துக்கு 38.7, மேல் சட்ஜமத்துக்கு 35.4 என்று அறுத்துக்கொள்ளலாம். ஒரே குழாயிலிருந்து, ஒரே பருமனில் அறுக்க வேண்டும். ஹம்ஸத்வனியும் ஐந்து சுரம்தானே என்று தோன்றும். ஆனால் அதன் நிஷாதமும் மேல் சட்ஜமமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசும். பாடகர் அதைச் சமாளிப்பார், காற்று சமாளிக்காது.

இன்னொன்றும் உண்டு. காற்றுமணிக்குப் பின்னால் சுருதிப்பெட்டி கிடையாது. எது சட்ஜமம் என்பதைக் கேட்கும் காது தானே முடிவு செய்துகொள்கிறது. மோகனத்தின் ஐந்து சுரங்களில் ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி என்று கச்சேரியில் வித்வான்கள் கிரகபேதம் செய்து காட்டுவார்கள். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஒரு குழாய் அதிகமாக ஒலிக்கும்போது காது அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொள்ளும். கிழக்குக் காற்றில் மோகனமாக இருந்தது மேற்குக் காற்றில் ஹிந்தோளத்தின் சாயலைக் காட்டலாம். கமகம் இல்லாத வெறும் சுரங்கள்தான், ராகம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஆறு குழாய்க்குள் இத்தனை வாசல்கள் இருப்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

சுருதி சேர்த்த காற்றுமணி ஒரு தொழிலாக வளர்ந்ததில் அமெரிக்கத் தாளக்கலைஞர் கேரி க்விஸ்டாடுக்குப் பெரிய பங்கு உண்டு. பியானோவில் வாசிக்க முடியாத பழங்கிரேக்கச் சுர வரிசை ஒன்றைக் காதால் கேட்க விரும்பி, தூக்கியெறியப்பட்ட அலுமினியத் தோட்ட நாற்காலிகளின் குழாய்களை அறுத்துச் சுருதி சேர்த்தார். ஒலிம்போஸ் என்ற பழைய இசைஞரின் பெயரால் வழங்கும் அந்த ஐந்து சுரங்களே அவருடைய முதல் மணி. 1979இல் அவர் தொடங்கிய நிறுவனம் வுட்ஸ்டாக் சைம்ஸ் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. நம் பக்கத்தில் ஆரோவில்லின் ஸ்வரம் பட்டறை இசையறிவோடு காற்றுமணிகளும் வேறு புதிய ஒலிக்கருவிகளும் செய்கிறது.

காற்றை மணியடிக்க வைக்கும் வழக்கம் மிகப் பழையது. வெசுவியஸ் எரிமலை 79ஆம் ஆண்டில் புதைத்த பொம்பேயிலும் ஹெர்குலேனியத்திலும் வெண்கலத்தில் வார்த்த தொங்குமணிகள் கிடைத்திருக்கின்றன. கண்ணேறு படாமல் இருக்க வாசலில் மாட்டியவை அவை. நம் வாசலில் தொங்கும் படிகாரமும் திருஷ்டிப் பூசணியும் செய்யும் அதே வேலை. சீனாவில் பகோடா அடுக்குகளின் மூலைதோறும் மணி கட்டினார்கள். 516இல் லோயாங் நகரில் எழுப்பப்பட்ட யோங்நிங் கோயிலின் கோபுரம் அவற்றில் புகழ்பெற்றது. 534இல் அது எரிந்து போனது. நகரமே பாழான பிறகு 547இல் அங்கே திரும்பி வந்த யாங் சுவான்ஷி என்ற அதிகாரி, அதன் கோயில்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யோங்நிங் கோபுரத்தின் மணிகள் காற்றில் ஒலிப்பதைக் கேட்டு வியந்து போற்றிய வெளிநாட்டுத் துறவி ஒருவர் அதில் வருகிறார். அவர் பெயர் போதிதருமர். அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதுதான். காஞ்சியிலிருந்து சென்றவர் என்று பிற்கால மரபு சொல்லும் அவரை, அந்த நூல் பாரசீகத்தவர் என்கிறது. அவர் எந்த ஊராராக இருந்தாலும், வரலாற்றில் அவர் முதன்முதலாகத் தோன்றுவது காற்றுமணிகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவராகத்தான்.

ஜப்பானில் காற்றுமணி கோடைகாலப் பொருள். சின்னக் கிண்ணம் போன்ற ஒற்றை மணி, உள்ளே ஒரு நாக்கு, நாக்கிலிருந்து தொங்கும் ஒரு காகிதத் துண்டு. புழுக்கத்தில் அந்தக் காகிதம் அசைந்து மணி ஒலித்தால் காற்று வந்துவிட்டது என்று மனம் குளிர்கிறது. எடோ ஃபூரின் என்னும் கண்ணாடி மணியை அச்சில்லாமல் காற்றிலேயே ஊதிச் செய்கிறார்கள். ஓவியத்தை உட்புறத்தில் தீட்டுகிறார்கள். வெளியே மழை பட்டாலும் அழியாது. வாய் விளிம்பை மழமழவென்று தேய்க்காமல் சொரசொரப்பாகவே விடுகிறார்கள். நாக்கு அதில் உரசும்போது எழும் ஒலிக்காகவே இப்படி. இவாத்தே மாநிலத்தில் வார்க்கும் நம்பு இரும்பு மணியின் குரல் இதற்கு நேர்மாறு. தெளிவாக, நீளமாக இழுக்கும். அங்குள்ள மிசுசாவா ரயில் நிலையத்தில் கோடையில் இந்த மணிகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். 1996இல் ஜப்பானிய அரசு பாதுகாக்க வேண்டிய நூறு ஒலிச்சூழல்களைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்தது. ஒரு ரயில் நிலையத்தின் மணியோசையை நாட்டின் சொத்தாகக் கருதிய அந்த முடிவுக்காக அவர்களை மனதாரப் பாராட்டலாம்.

உலோகம் பிடிக்காதவர்களுக்கு மூங்கில் இருக்கிறது. மரநாரிலேயே அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடுவதால் ‘டொக் டொக்’ என்ற குறுகிய ஒலிதான் வரும். கணு ஒரு பக்கம் மூடியிருக்க, மறுபக்கம் திறந்திருந்தால் உள்ளேயிருக்கும் காற்றும் சேர்ந்து ஒலித்து அதற்கு ஒரு குழைவைக் கொடுக்கும். அண்டைவீட்டாரோடு நெருங்கி வாழ்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஒரே கவலை, மூங்கில் உளுத்துப்போகும். குழாய்க்கு அடியில் மாவு உதிர்ந்தால் பூச்சி வந்துவிட்டது என்று பொருள். வாங்கும்போதே பதப்படுத்திய மூங்கிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சுடுமண் மணிகளுக்குச் சூளைதான் எல்லாம். மானாமதுரைக் கடத்தின் கணீர் ஒலியைக் கேட்டவர்களுக்கு, நன்றாகச் சுட்ட மண் எப்படிப் பேசும் என்று தெரியும். சுண்டினால் ‘சத்’ என்று செத்த ஒலி வந்தால் ஒன்று வேகாதது, இல்லை விரிசல் விட்டது. கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் விற்கும் சிப்பிச் சரங்களின் சலசலப்பு மிக மென்மையானது. ஆனால் நாட்டிலஸ் போன்ற சில சங்குகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. தொங்கும் எல்லாச் சங்கும் வாங்கத்தக்கதல்ல.

வாஸ்து, ஃபெங் சுயி நம்பிக்கையால் வாங்குபவர்கள் திசையையும் குழாய் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. எண்ணிக்கை எதுவானாலும் துளையும் கட்டையும் சரியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்கும் சொல்வேன்.

இனி காற்று. காற்றின் வேகம் இரட்டித்தால் தொங்குதகட்டின் மேல் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலைத் தென்றலில் இனிக்கும் மணி மாலையில் ஓயாமல் கத்துவது இதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பாயும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும், ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பகுதிகளிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுக்கு ஓய்வில்லை. காற்றாலைகள் அங்கே கூடி நிற்பதற்கும் அதுவே காரணம். அந்த ஊர்களில் தகடு உள்ளங்கை அளவுக்கும் குறைவாக இருக்கட்டும், குழாய் கனமாக இருக்கட்டும், இடம் சுவரோரமாக இருக்கட்டும். சென்னை, புதுச்சேரி, நாகை போன்ற கடலோரங்களில் கோடையில் முற்பகல் வரை அசைவில்லாமல் கிடந்து, கடற்காற்று நுழைந்ததும் மணி உயிர்பெறும். அந்த மிதமான காற்றுக்கு நடுத்தரத் தகடும் அலுமினியக் குழாயும் சரியாக இருக்கும். நாலாபுறமும் கட்டடம் சூழ்ந்த உள்முற்றத்தில் பெரிய, இலேசான தகடு இல்லாமல் மணி ஒலிக்கவே ஒலிக்காது. கடையில் தகட்டைக் கையால் இழுத்து ஆட்டிக் காட்டுவார்கள். அது புயலின் ஒலி. விரலால் மெதுவாகத் தள்ளிவிட்டு, கட்டை ஒரே ஒரு குழாயை உரசும்போது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். வீட்டில் பெரும்பாலான நேரம் கேட்கப்போவது அதுதான்.

ஒலி எவ்வளவு நேரம் வருகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் வராமல் இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இடைவெளி விட்டு ஒலிக்கும் மணியைக் காது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறது. ஓயாமல் ஒலிப்பதைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் படுத்திருப்பவரின் காது அப்படி நிறுத்திக்கொள்வதில்லை. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. நிசப்தமான இரவில், இரண்டு மாடிக்கு மேல் ஒலிக்கும் சின்னக் குழாய்கள் அந்த அளவுக்குக் கீழே இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 அதிர்வெண் வரை. 25 சென்டிமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் பாடுவது சரியாக அந்த இடத்தில். அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் குட்டைக் குழாய் மணியை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கியாகிவிட்டது என்றால் பால்கனிக்கு வெளியே தொங்கவிடாமல் ஜன்னலுக்கு உட்புறம் மாட்டுங்கள்.

பராமரிப்பில் முதலில் போவது நூல். வெயிலில் நைலான் நொறுங்கும். மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை நரம்பு பார்க்கப் பலமாக இருந்தாலும் துளை விளிம்பில் தேய்ந்து அறுந்துவிடும். பின்னிய பாலியஸ்டர் கயிறு நீண்ட நாள் வரும். கோப்பதற்கு முன் துளையின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பிசிரை, துளையைவிடப் பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையால் திருகி எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிட வேலை நூலின் ஆயுளை வெகுவாக நீட்டிக்கும். கடலோரத்தில் வளையமும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகாக இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே செந்நீர் வடியும். தகடு தொலைந்தால் பழைய சி.டி. ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம், நடுத்தரக் காற்றுக்கு அது சரியான அளவு. தகட்டைக் கட்டையோடு முடிச்சுப் போட்டுக் கட்டாமல் சின்ன ‘எஸ்’ கொக்கியால் மாட்டிக்கொண்டால், புயல் எச்சரிக்கை வரும்போதும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்போதும், மொத்த மணியையும் இறக்காமல் தகட்டை மட்டும் கழற்றி வைத்துவிடலாம்.